பதினான்காம் அடிக்குறிப்பு

ஃப்ரீமான்ட்,
பிப்ரவரி 9, 1999

சண்முகப்ரியாவுக்கு,

"அன்புள்ள" என்று முதலில் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன்.

உன் கட்டுரை அச்சில் வந்திருக்கிறது. அதன் ஜெராக்ஸ் இப்போது என் சமையலறை மேஜைமேல் கிடக்கிறது. பதினெட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் உன் பெயர், அதன் கீழே உன் டெக்சாஸ் யூனிவர்சிட்டியின் பெயர். அதை எனக்கு அனுப்பியது நீ இல்லை. நான் எம்.ஏ.வுக்கு அப்ளை பண்ணியிருக்கும் யூனிவர்சிட்டியின் அட்மிஷன் கமிட்டி அனுப்பியது. ஆமாம், அப்ளை பண்ணியிருக்கிறேன். கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரில் முதல் வருடத்தோடு நிறுத்திய படிப்பை இங்கே முடிக்கலாம் என்று பார்த்தேன். என் எழுத்துக்கு மாதிரியாக ஒரு கட்டுரை கேட்டார்கள். நான் எதைப் பற்றி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். கார்ப்பரல் டென்ச், சிப்பாய் லூக்கர். வேறு எந்தக் கதையை நான் அவ்வளவு படித்திருக்கிறேன்?

அவர்கள் எழுதிய கடிதம் மிகவும் மரியாதையானது. "தங்கள் கட்டுரையின் மையக் கருத்து ஏற்கெனவே அச்சான ஓர் ஆய்வை மிக நெருக்கமாக ஒத்திருக்கிறது. மார்ச் 15 அன்று நேரில் வந்து விளக்கம் தரலாம்." விளக்கம் சரியில்லை என்றால் விண்ணப்பம் ரத்து. காரணமும் என் ஃபைலில் ஏறிவிடும். அதாவது நான் திருடி. உன்னிடமிருந்து திருடினேனாம், ப்ரியா!

நீ மறந்திருப்பாய். நான் சொல்கிறேன். ஹாஸ்டல் அறை எண் 31. அட்டை இல்லாத அந்த லைப்ரரி புத்தகம். ஒரு வெள்ளைக்காரர் எழுதிய ஒன்பது கதைகள், ஒன்பதிலும் அதே இரண்டு சிப்பாய்கள். மலை ஊர் கன்டோன்மென்ட்டில் குடிப்பார்கள், ஆடு திருடுவார்கள், கர்னலிடம் மாட்டிக்கொண்டு சிரிக்க வைப்பார்கள். நான் சத்தமாகப் படிப்பேன், உன் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நீ நோட்ஸ் எழுதுவாய். இரண்டாவது கதையில் பந்தயம் கட்டி விளையாட்டாகச் சுடுகிறார்கள், தண்ணீர் கொண்டுவரும் ஆளுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விடுகிறது. அது ஒரு ஜோக்காக எழுதப்பட்டிருக்கிறது. அவன் பெயர் அந்தக் கதையில் சாமி. ஐந்தாவது கதையில் மோசஸ் என்று ஒருவன் தட்டு எடுத்து வருகிறான். நான் படிப்பதை நிறுத்திவிட்டு என்ன சொன்னேன்?

"அடியே, இது அதே ஆளுடி! மூணு விரல்ல தட்டப் புடிக்கிறான் பாரு!"

நீ பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு ஒன்பது கதைகளையும் திருப்பினோம். ஆறில் அவன் இருந்தான். நாலு பெயர், இரண்டு இடத்தில் "ஏய்". கை மட்டும் அதே கை. எழுதியவருக்குக் காயம் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. இதைச் சொன்னது நான்.

உன் கட்டுரையில் பதினான்காம் அடிக்குறிப்பைப் படித்தேன். "இந்த அவதானிப்பு இந்தியாவிலுள்ள ஒரு தோழியுடனான உரையாடலில் உருவானது." ஒரு தோழி! நான் இந்தியாவில்கூட இல்லை. மௌரி அவென்யூவில் மளிகை வாங்கிக்கொண்டு, உன்னிடமிருந்து கடிதம் வருமா என்று தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டு, இங்கேதான் இருக்கிறேன்.

ஆஸிபா


இர்விங், டெக்சாஸ்,
பிப்ரவரி 16, 1999

அன்புள்ள ஆஸிபா,

உன் கடிதத்தை அபார்ட்மென்ட் தபால் பெட்டி பக்கத்திலேயே நின்று படித்தேன். ரூம்மேட் கலாவதி காரில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாப்பில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவள் லாஸ் கொலினாஸ் ஆபீசுக்குப் போக வேண்டும். "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நீ சொன்னது எல்லாம் சரி. அறை எண் உட்பட. ஆனால் நான் திருட நினைத்துச் செய்யவில்லை. நம் கல்லூரியில் எப்படிப் படித்தோம் என்று யோசித்துப் பார். கம்பைன் ஸ்டடி. ஒருத்தி படிப்பாள், ஒருத்தி எழுதுவாள், ஒருத்தி ஜெராக்ஸ் எடுத்து வருவாள். பரீட்சையில் நாலு பேரும் ஒரே பதிலை வரிக்கு வரி எழுதினோம், நாலு பேரும் பாஸ். இது யாருடைய வரி என்று எந்த மேடமும் கேட்டதில்லை. நோட்ஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் எழுதலாம். நோட்டு என்னிடம் இருந்தது. என் கையெழுத்து. அதைத்தான் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்தேன்.

இங்கே முதல் செமஸ்டரில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. என் புரொஃபசர் தன்னை லிண்டா என்று கூப்பிடச் சொல்கிறார். எனக்கு நாக்கு எழவில்லை, அதனால் எதுவுமே கூப்பிடாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை பக்கத்தில் போய் நிற்பேன். செமினார் பேப்பருக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த நோட்டைத் திறந்தேன். எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அந்த விரல் பக்கத்தை அவர் வாசித்துவிட்டு, "இதை இத்தனை வருடமாக யாரும் பார்க்கவில்லை" என்றார். சோமனூரில் தறி ஓட்டுபவரின் மகளைப் பார்த்து ஒருத்தர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது "இல்லை, ஆஸிபா பார்த்தாள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த பேப்பருக்குப் போய்விட்டார். அடிக்குறிப்பில் எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. உன் கல்யாணத்துக்குப் பிறகு நீ எனக்குப் போட்டது ஒரே ஒரு வாழ்த்து அட்டை. ஃப்ரீமான்ட் வந்த செய்தியே எனக்கு அடுத்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்த அடிக்குறிப்பை எழுதியபோது உன் விலாசம் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் கேட்கிறேன். உன் கட்டுரையில் நரை இருக்கிறதா? டென்ச்சுக்கும் லூக்கருக்கும் ஒன்பது கதையிலும் ஒரே வயது, மூன்று போர் வந்து போகிறது, ஒரு ப்ரொமோஷன்கூட இல்லை, ஆனால் தண்ணீர்க்காரனுக்கு இரண்டாவது கதையில் கருப்பு முடி, கடைசிக் கதையில் நரை. வயது ஆவது அவனுக்கு மட்டும்தான். அதைச் சொன்னது யார், ஆஸிபா?

நாங்கள் சேர்ந்து படித்தோம் என்று நீயே அவர்களிடம் சொன்னால் போதாதா? எனக்கு டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை இருப்பதால்தான் இங்கே படிக்க முடிகிறது. அது போனால் விசா என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

ப்ரியா


ஃப்ரீமான்ட்,
பிப்ரவரி 22, 1999

ப்ரியா,

நான் சொன்னால் போதுமா என்கிறாய். திருடி என்று பிடிபட்டவளே எழுந்து, "அவளும் நானும் சிநேகிதிகள்" என்று சொன்னால் நம்பிவிடுவார்களா? உன் பெயர் அச்சில் இருக்கிறது. என்னிடம் இருப்பது என் வாய் மட்டும்.

இங்கே ஹாமித் வேறு. கெட்டவர் இல்லை, என்னை அப்ளை பண்ணச் சொன்னதே அவர்தான். ஆனால் இந்த விஷயத்தைச் சொன்னதும் டிவி பார்த்துக்கொண்டே, "இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? அடுத்த ஃபால்ல திரும்ப அப்ளை பண்ணிக்கலாம். வேற ஏதாவது கதையைப் பத்தி எழுது" என்றார்.

"அது நான் கண்டுபுடிச்சதுங்க."

"சரிம்மா, ஒரு கை, அதுல மூணு விரல். அவ்ளோதானே?"

"நீங்க எழுதின ப்ரோகிராமை யாராவது எடுத்து அவங்க பேருல ரிலீஸ் பண்ணா?"

டிவியை அணைத்துவிட்டார். என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "யார்டி அவ?" என்றார். ஒரு மனுஷனுக்குப் புரிய வைக்க கம்ப்யூட்டரைத்தான் இழுக்க வேண்டியிருக்கிறது.

உன்னிடம் அதைக்கூட இழுக்க வேண்டியதில்லை. இந்தக் கதைகளில் யாருக்குப் பெயர் உண்டு, யாருக்குக் கிடையாது என்றுதானே பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய்? பெயர் தராமல் இருப்பது ஒரு வன்முறை என்று பதினொன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய், நல்ல வாக்கியம். அதற்கு மூன்று பக்கம் தள்ளி என்னை "ஒரு தோழி" ஆக்கினாய். உனக்கு விலாசம் தெரியாதாம். பெயர் தெரியாதா? என் பெயரை எழுத விலாசம் எதற்கு?

நரை முடி சின்ன விஷயம். விரலைக் கண்டுபிடித்த பிறகு யாரானாலும் பார்த்திருப்பார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். எது என்னுடையது என்று எழுதி, நீ கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். அட்மிஷன் கமிட்டிக்கு, மார்ச் 15க்குள். விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆஸிபா


இர்விங்,
மார்ச் 3, 1999

அன்புள்ள ஆஸிபா,

மூன்று தடவை புரொஃபசர் அறை வாசல்வரை போனேன். இரண்டு தடவை அவர் ஃபோனில் இருந்தார். மூன்றாம் தடவை ஃபோனில் இல்லை. "உள்ளே வா" என்றார். அடுத்த வாரம் திருத்த வேண்டிய விடைத்தாள்களைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கலாவதியிடம் சொன்னேன். சொல்லாமலே இருந்திருக்கலாம். "லூசா நீ?" என்றாள். "யாராவது உன்னைக் கேட்டாங்களா? ஒரு தடவ நீயா போய் ஒத்துக்கிட்டா முடிஞ்சிச்சு. ஃபண்டிங் கட். உங்கப்பா வந்து உன்னக் கூட்டிட்டுப் போவாரா? உன் ஃப்ரெண்டுக்கு என்ன, புருஷன் சம்பாதிக்கிறார், ஜாலியா வீட்ல இருக்கலாம்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதையே நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அதனால்தான் அவ்வளவு கோபம்.

வேறொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரையைப் போன வருடம் இன்னொரு செமினாரில் வாசித்தேன். வகுப்பில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், அமெரிக்க ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர். நல்ல மனிதர், எனக்குக் கதவைத் திறந்துவிடுவார். அவர் சொன்னார், "டென்ச்சும் லூக்கரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். சோற்றுக்காகக் கடல் தாண்டி வந்தவர்கள். அவர்களையும் பார்." அது உண்மைதான். நமக்கும் அவர்களைப் பிடிக்கும். லூக்கர் குடித்துவிட்டு நடப்பதை நீ ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து காட்டவில்லையா? மெஸ் அக்காகூடச் சிரித்தாள். பிறகு அவர் அந்தச் சுடும் காட்சியை எடுத்து அந்தச் சிப்பாய்களின் கொச்சை ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டினார். பிரமாதமாக வாசித்தார். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். விரல் தெறித்து விழும் வரி வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், ஆஸிபா. பேசத் தெரியாதவள் சிரிக்கவாவது செய்ய வேண்டும் என்று சிரித்தேன். அப்படிச் சிரித்துவிட்டு அறைக்கு வந்து அடிக்குறிப்பை எழுதினேன். முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன். பிறகு இவள் யார், எங்கே படிக்கிறாள், இவளும் ஆய்வாளரா என்று கேட்பார்களோ என்று பயந்து அடித்துவிட்டேன். விலாசம் தெரியாது என்று போன கடிதத்தில் எழுதியது பொய் இல்லை. ஆனால் காரணம் அது இல்லை.

நரை சின்ன விஷயம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை. வாழ்க்கையில் நானாக ஒன்றைப் பார்த்தேன் என்றால் அது அதுதான்.

கடிதம் எழுதப் பார்க்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ப்ரியா


ஃப்ரீமான்ட்,
மார்ச் 8, 1999

ப்ரியா,

எழுதப் பார்க்கிறாயாம். உறுதியில்லையாம். என் பெயரை எழுதி, அடித்தாய். இத்தனை நாள் நீ மறந்துவிட்டாய் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். மறந்திருந்தால் தேவலாம்.

பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குப் போகிறேன். ஹாமித் லீவு போட்டிருக்கிறார், கொண்டு போய் விடுவார். உன் கடிதம் வராது என்று வைத்துக்கொண்டே என்ன பேசுவதென்று தயாராகிறேன். நீ பயந்துகொண்டு பத்திரமாக இரு.

ஆஸிபா


இர்விங்,
மார்ச் 11, 1999

ஆஸிபா,

உன் கடைசிக் கடிதம் இன்று காலை வந்தது. அதைப் படித்துவிட்டுச் செய்ததாக நினைக்காதே. நேற்று மதியமே செய்துவிட்டேன். கமிட்டிக்குக் கடிதம் எக்ஸ்பிரஸ் தபாலில் போய்விட்டது. காப்பி இத்துடன் இருக்கிறது.

எப்படிச் சொன்னேன் என்று கேட்பாய். எழுதி எடுத்துப் போனேன். அறைக்குள் போய், நின்றபடியே, தாளைப் பார்த்து வாசித்தேன், ஸ்கூலில் உறுதிமொழி வாசிப்பதைப் போல. ஆஸிபா என்று ஒருத்தி இருக்கிறாள், விரலைக் கண்டது அவள், நான் கேட்காமல் எடுத்தேன், இப்போது அவளைத் திருடி என்கிறார்கள். புரொஃபசர் தாளை வாங்கி ஒரு தடவை படித்தார். பிறகு கேட்டார்:

"அவள் பெயரையும் உன் பெயர் பக்கத்தில் போட்டிருக்கலாமே. ஏன் என்னைக் கேட்கவில்லை?"

அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது, ஆஸிபா. இரண்டு பெயர் போடலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. கேட்கவும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கேள்வி. இரண்டு வருடமாக அந்த ஒரு கேள்வியைக் கேட்காததற்குத்தான் இத்தனையும்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டிபார்ட்மென்ட்டில் ஒரு கமிட்டி விசாரிக்குமாம். அது முடியும்வரை அடுத்த செமஸ்டர் வேலை உறுதி இல்லை. ஆய்விதழுக்கு அவரே எழுதுகிறார், திருத்தம் போடுவார்கள் அல்லது கட்டுரையையே எடுத்துவிடுவார்கள். கலாவதி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள்.

இப்போது நான் கோபப்படலாமா? எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனால் கோபம் இருக்கிறது. கடிதத்தில் விரல் உன்னுடையது என்று எழுதினேன். ஆறு கதைகளையும் கோத்தது உன்னுடையது என்று எழுதினேன். நரையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் உன் கட்டுரையிலும் பிறர் சரக்கு இருக்கிறது என்று ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டேன். உனக்காகத்தான் விட்டேன். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. விரல் ஒரே கதையில் ஒரே நொடியில் போனது, அதற்கு ஒரு துப்பாக்கி இருக்கிறது. நரை ஆறு கதையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவர்கள் இரண்டு பேரும் என்றைக்கும் இளமையாக விளையாடிக்கொண்டிருக்க, ஒருத்தன் தண்ணீர் சுமந்து கிழவனாகிறான். நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். உனக்குத் தெரியும்.

சண்முகப்ரியா


ஃப்ரீமான்ட்,
மார்ச் 16, 1999

ப்ரியா,

நேற்று போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கவர் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தது. கோஆர்டினேட்டர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். உன் கடிதத்தை மேஜையில் பிரித்து வைத்திருந்தார். நான் பயிற்சி பண்ணிக்கொண்டு போன எதையும் பேச விடவில்லை. நான் வாய் திறந்தபோதெல்லாம் கையைத் தூக்கி, "தெளிவாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது" என்றார். பக்கத்தில் இருந்த கமிட்டி அம்மா மன்னிப்புக்கூடக் கேட்டார். குற்றச்சாட்டு என் ஃபைலில் ஏறாது. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை.

எழுந்திருக்கும்போது அவர் வழக்கத்துக்காக ஒரு கேள்வி கேட்டார். "ஆக, இந்தக் கட்டுரையில் உள்ளது முழுவதும் உங்களுடையதுதான், இல்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நரையை நீயே எனக்காக விட்டுவிட்டாய், அப்படி நீ எழுதியிருந்தது அப்போது எனக்குத் தெரியாது. உன் கடைசிக் கடிதம் வீட்டுக்கு வந்தது நேற்று சாயங்காலம்தான். ஆனால் அவர் மேஜையில் இருந்த கடிதம் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இரண்டு பக்கமும் தேடிவிட்டேன், நரை என்ற சொல் எங்கேயும் இல்லை. எனக்கு அப்படி ஒரு எரிச்சல் வந்தது, ப்ரியா! பெருந்தன்மையா காட்டுகிறாய்? எனக்குப் பிச்சை போடுகிறாயா?

"ஏழாம் பக்கத்தில் உள்ள நரை விஷயம் என்னுடையது இல்லை" என்றேன்.

அவருக்குக் காதில் விழவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை சொல்வது கஷ்டம். சத்தமாகச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யாருடையது?"

"இந்தக் கடிதம் எழுதினவளுடையது. கேட்காமல் எடுத்தேன். நானும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். வராந்தாவில் ஹாமித் நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆச்சு?" என்றார். சொன்னேன். "ஜெயிச்ச பிறகு போய் ஏன்டி வாயக் குடுத்த?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, விடு. உண்மைதானே சொன்ன" என்றார். இருபது நிமிடம் கழித்து அந்த அம்மா கட்டுரையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அன்றைக்கே மூன்று மணிக்குள் திருத்திக் கொடுத்தால், இதையே புதிய கட்டுரையாக எடுத்துக்கொண்டு மற்ற விண்ணப்பங்களோடு வைப்பார்களாம். சீட் கிடைக்குமா என்பது ஏப்ரலில் தெரியும். கிடைக்காமலும் போகலாம்.

டைப் பண்ண இடமில்லை. வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து பேனாவால் திருத்திக் கொடுத்தேன். உன் விசாரணைக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டுமானால் விலாசம் அனுப்பு. நீ செய்தது தப்பு என்றுதான் எழுதுவேன், சேர்ந்து படித்தோம் என்றும் எழுதுவேன். உன் மேல் கோபம் போகவில்லை. என் பெயரை அடித்ததை நினைத்தால் இந்தத் தாளையும் கிழித்துப் போடத் தோன்றுகிறது. சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்து ஃபோன் பண்ணாதே, நானாகப் பண்ணுகிறேன்.

ஏழாம் பக்கத்தில் நரையைப் பற்றிய பத்தியின் ஓரத்தில் உன் பெயரை எழுதினேன். இனிஷியலையும் சேர்த்து முழுப்பெயர். அடிக்குறிப்பில் இல்லை, மேலே, வரிக்குப் பக்கத்தில். மார்ஜின் போதவில்லை. உன் பெயர் திரும்பி அடுத்த வரிக்கும் போயிற்று. எழுதி முடிக்கும்வரை உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன்.

ஆஸிபா